புல் குடிசையில் அப்பாவுக்குப் படையல்

1

ஆப்பிரிக்காவில் இருக்கிறவனுக்கு ஊரிலிருந்து யார் கடிதம் போட்டாலும் முதல் வரி க்ஷேமம், இரண்டாவது வரி சிங்கம். "சிங்கம் பார்த்தீர்களா? எவ்வளவு கிட்டத்தில்? கர்ஜித்ததா?" என் உத்தியோகத்தைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ரோடு ஆபீஸில் டைப் அடிப்பதைப் பற்றித் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆகவே சிங்கத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பார்த்திருக்கிறேன். தூங்கிக்கொண்டிருந்தது. விராலிமலைக் கடைத்தெருவில் வெயிலுக்குப் படுத்திருக்கும் நாய் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது, ஆள் கொஞ்சம் பெரிசு. மூக்கில் ஈ மொய்த்தது. அதைக்கூட அது ஓட்டவில்லை.

இன்றைக்கு என் அப்பாவின் தெவசம். கென்யாவில், இந்த ரயில்வே ஊரில், எங்கள் தகரக் கூரை வீட்டின் பின்பக்கம் என் மனைவி மீனாட்சி கோழிக் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள். யுத்தம் வந்ததிலிருந்து அரிசிக்கு நாய்படாத பாடு படவேண்டியிருக்கிறது. இருந்தும் இந்த நாளுக்கென்று எங்கிருந்தோ பச்சரிசி சேர்த்து வைத்திருந்தாள். மகன் சண்முகம் பள்ளிக்கூடம் போகிறபோது, "இன்னைக்குத் தாத்தா பிக்னிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். படையல் என்ற வார்த்தை அவனுக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களுக்கு அப்படி விளக்கியிருக்கிறான், அதுவே இப்போது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதட்டலாம் என்று வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

இந்த நாள் வந்தால் முதல் தெவசம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அதை நாங்கள் கொடுத்தது காட்டுக்குள், மிருகங்களை வேடிக்கை பார்ப்பதற்காக வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு லாட்ஜில். மிருகத்தைப் பற்றி எழுது என்கிறவர்களுக்கும் சரி, உன் அப்பாவைப் பற்றி எழுது என்கிற உறவுக்காரர்களுக்கும் சரி, இந்த ஒரு கதையே போதும்.

2

அப்பாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் வானம் பார்த்த பூமி வைத்திருந்தார். சட்டை போட்டுக்கொண்டதே கிடையாது. மொட்டைத் தலை, நல்ல கூன், கழுத்தில் ஒரு கழலை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்தவன் வயலில் போய் நிற்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தப் பார்வையிலேயே அடுத்தவன் போட்ட வரப்பு கோணலாகிவிடும்.

பக்தியும் உண்டு. விராலிமலை முருகனுக்குச் சுருட்டுப் படைக்கிற வழக்கம் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அப்பாவின் பக்தி முழுவதும் அந்த ஒரு நைவேத்தியத்தில் அடங்கிவிட்டது. ஒரு கட்டுச் சுருட்டைச் சாமிக்குக் காட்டிவிட்டுக் கட்டோடு பிரசாதமாக வீட்டுக்குக் கொண்டு வருவார். அம்மா முறைத்தால், "சாமி குடுத்ததை வேண்டாம்னு சொல்லச் சொல்றியா?" என்பார்.

நான் ஆப்பிரிக்கா போகிறேன் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. நான் தலைப்பிள்ளை.

"ரங்கூனுக்குப் போனாலும் ஊர்க்காரன் ஒருத்தன் இருப்பான். அங்கிட்டு யாருடா இருக்கா? சிங்கமா? எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் நீ. கடலுக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு எவனுக்குடா வைக்கப் போற?"

பெண்டாட்டி பிள்ளையோடு வந்துவிட்டேன். மொம்பாஸாவில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த ராஜாவின் பிரஜை?"

"புதுக்கோட்டை ராஜா, சார்."

"அது எந்தத் தேசத்தில் இருக்கிறது?"

"இந்தியாவில்."

"இந்தியாவுக்கு எங்கள் ராஜா அல்லவா?"

"எங்களுக்கு எங்கள் ராஜா, சார். எங்கள் ராஜாவுக்கு உங்கள் ராஜா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தேசப்படத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் புதுக்கோட்டை இல்லை. கடைசியில், பிரிட்டிஷ் பாதுகாப்பில் உள்ள ஆசாமி என்று எழுதி உள்ளே விட்டார். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் வந்து இரண்டு வருஷம் ஆவதற்குள் அப்பா செத்துப்போனார். தந்தி வந்தது. எங்கள் எஞ்சினியர் துரையிடம் லீவு கேட்டுப் போய் நின்றேன். நல்ல மனிதர், கொடுமைக்காரர் அல்ல. எழுந்து நின்று கையைக் குலுக்கினார். ஒப்பந்தக் காலம் முடியாமல் ஊருக்குப் போக லீவு கிடையாது என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். "அதோடு பார், நீ போய்ச் சேர்வதற்குள் எரித்திருப்பார்கள். உடம்பு இல்லாத இடத்துக்கு லீவு எதற்கு?" என்றார். திரும்பி வந்து டைப் அடித்தேன்.

கொள்ளி வைத்தது தம்பி. பிறகு ஊரிலிருந்து சேதி வந்தது. அமாவாசைக்குத் தம்பி சோறு வைத்தால் காக்காய் வருகிறதாம், பார்க்கிறதாம், பக்கத்து வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்துகொள்கிறதாம். தலைப்பிள்ளை கொள்ளி வைக்காத குறை என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. "தம்பி பெண்டாட்டியின் சமையல் காக்காய்க்கும் தெரிந்திருக்கும்" என்றேன். மீனாட்சி சிரிக்கவில்லை.

"தெவசத்தன்னைக்கு ஒங்க கையால வைங்க. மாமா வந்து எடுத்தாகன்னா சரி. எடுக்கலைன்னா நானும் புள்ளையும் அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறோம். பேரன் கையாலயாச்சும் அவுக சாப்பிடட்டும்."

"காக்காய்க்காகக் குடும்பத்தைப் பிரிப்பாயா?"

"காக்காய்க்கு இல்லைங்க. மாமாவுக்கு."

மீனாட்சி மிரட்டுகிற ஜாதி இல்லை. சொன்னால் செய்கிறவள். அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டியை எடுத்துத் துடைத்து வாசற்படியருகே வைத்துவிட்டாள். நான் வெளியே கேலி பேசிக்கொண்டிருந்தேனே தவிர, உள்ளுக்குள் நடுங்கிப்போனேன். இவளும் பையனும் போய்விட்டால் இந்தத் தகரக் கொட்டகையில் நான் யாரோடு பேசுவது? டைப்ரைட்டரோடா?

3

தெவசம் நெருங்குகிற சமயத்தில் எங்கள் இந்தியர் லயினில் ஒரு எலி செத்துக் கிடந்தது. இங்கே எலி செத்தால் சர்க்கார் நடுங்கும். மனிதன் செத்தால் ஒரு ஃபாரம் பூர்த்தி செய்தால் போதும். பிளேக் பயத்தில் சுகாதார இலாகாக்காரர்கள் வந்து, வீடுகளுக்குப் புகை போடப்போகிறோம், எல்லோரும் வெளியே போங்கள் என்றார்கள். எங்கே போவது என்றேன். அது எங்கள் இலாகாவில் சேராது என்றார்கள்.

அதே வாரம் எஞ்சினியர் துரை காட்டுக்குள் புது ரோடு பார்க்கப் புறப்பட்டார். ரிப்போர்ட் அடிக்க நானும் கூடப் போகவேண்டும். மனைவியையும் பையனையும் நடுத்தெருவில் விட்டுவிட்டு எப்படி வருவேன் என்றேன். லாரியில் இடம் இருந்தது, பாஸில் இடம் இல்லை. ஒரு இந்தியக் கிளார்க்குக்குத்தான் அனுமதி. துரை கொஞ்சம் யோசித்து, "ஒரு கிளார்க்கும் அவனுடைய சாமான்களும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரி புறப்பட்டதும் சண்முகம் கேட்டான்: "அப்பா, நான் பெட்டியா, படுக்கையா?"

லாட்ஜ் போய்ச் சேர்ந்தோம். அதை நடத்துகிறவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரர். கேம்ப் துரை என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அந்த லாட்ஜின் வைபவத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். புல் கூரை. மண் சுவர். சாணி மெழுகிய தரை. கயிற்றுக் கட்டில். அரிக்கேன் விளக்கு. தண்ணீர் ஆற்றிலிருந்து தலைச்சுமையாக வரும். வெளிக்குப் போவதென்றால் மழையானாலும் வெளியே போகவேண்டும். இதில் தங்குவதற்காகத் துரைமார்கள் லண்டனிலிருந்து கப்பலேறி வருகிறார்கள்.

மீனாட்சி சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்கா காசு குடுக்குறாக?"

"ஆமாம். நிறையவே கொடுக்கிறார்கள்."

"பாவம், நம்ம ஊருக்கு வந்தா சும்மாவே இருந்துட்டுப் போகலாமே. கூட ரெண்டு மாட்டையும் பாத்துக்கிட்டாகன்னா நமக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அப்பா ஆயுள் முழுக்க ஒரு ஓட்டு வீட்டுக்கு ஆசைப்பட்டுக் கூரை வீட்டிலேயே செத்தார். மாடி வீட்டுக்காரர்கள் கூரை வீட்டுக்கு ஆசைப்பட்டு இங்கே வந்து பெருமூச்சு விடுகிறார்கள். இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இந்தியர்களை விருந்தாளிகளோடு தங்கவிடக்கூடாது என்று எங்களுக்குச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு குடிசை கொடுத்தார்கள். அதே புல், அதே மண், அதே சாணி. முன்னால் இருந்த குடிசைக்குப் பெயர் லாட்ஜ், பின்னால் இருந்த குடிசைக்குப் பெயர் கூலி லயின்.

மிருகங்கள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஒட்டகச்சிவிங்கி மரத்துக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தது. வரிக்குதிரைகள் மந்தை மந்தையாக வந்தன. துரைசானிகள் ஒவ்வொன்றுக்கும் "ஓ" என்றார்கள். யானைக் கூட்டம் ஆற்றுக்கு வந்தபோது மீனாட்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு எட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடுகிறாய்?"

"பாகன் எங்கங்க?"

"இதுக்கெல்லாம் பாகன் கிடையாது. காட்டு யானை."

"இத்தனையையும் அநாதையா விட்டுட்டாகளே" என்று ரொம்ப நேரம் ஆற்றாமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

4

போன மறுநாளே தெவசம். முதல் சிக்கல் காக்காய்.

அங்கே காக்காய் இருந்தது. ஆனால் கழுத்திலும் நெஞ்சிலும் வெள்ளை. கறுப்புக் கோட்டுக்குள் வெள்ளைச் சட்டை போட்ட வக்கீல் மாதிரி சமையல்கட்டுக் கூரையில் நாலைந்து உட்கார்ந்திருந்தன. அவற்றைக் காட்டி, "இதோ இருக்கிறதே" என்றேன்.

மீனாட்சி உற்றுப் பார்த்தாள். "இது ஆகாதுங்க. மாமா எந்தக் காலத்துல சட்டை போட்டாக?"

இதற்கு எந்தச் சாஸ்திரத்தில் பதில் இருக்கிறது? சட்டை போடாத காக்காய் கிடைக்குமா என்று சமையற்காரன் முட்டுவாவிடம் போய்க் கேட்டேன். அவன் அந்தப் பக்கத்து ஆள், நாற்பது வயசு இருக்கும், எதற்கும் சிரிப்பான். அவன் பாஷையில் காக்காய்க்கு வார்த்தை தெரியாமல் கையைச் சிறகு மாதிரி அடித்து, பறவை என்று அர்த்தம் என்ற நினைப்பில் "குக்கு, குக்கு" என்றேன். குக்கு என்றால் அங்கே கோழி. ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு வந்தான். குழம்புக்கு ஆயிற்று.

வாழை இலை இல்லை. கேம்ப் துரை அழகுக்காக முன்வாசலில் கல்வாழை வளர்த்திருந்தார். அதில் பெரிய இலையாகப் பார்த்து மீனாட்சி பறித்துக்கொண்டு வந்துவிட்டாள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்கவேண்டும் அல்லவா? கோழிக் குழம்பு, அவித்த முட்டை எல்லாம் தயாராகிவிட்டன. சுருட்டு இல்லை. எஞ்சினியர் துரையிடம் போனேன்.

"சார், ஒரு சுருட்டு வேண்டும்."

"நீ புகை பிடிப்பதில்லையே?"

"எனக்கு இல்லை, சார். என் அப்பாவுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உன் அப்பா இறந்துவிட்டாரே. லீவு இல்லை என்று நான்தானே சொன்னேன்?"

"ஆமாம், சார். அவருக்குத்தான்."

துரை கொஞ்ச நேரம் வெளியே மேய்ந்த வரிக்குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு சுருட்டை எடுத்துக் கொடுத்தார். "நல்ல ரகம். அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்" என்றார்.

உச்சிப் பொழுதுக்கு எங்கள் குடிசைக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து, அதன்மேல் இலை போட்டுப் பரிமாறினேன். ஆபீஸ் கால்சராயைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு, ஆப்பிரிக்கக் காட்டைப் பார்த்துக் கையைத் தூக்கி, "கா... கா..." என்று கூவினேன். சமையல்கட்டில் சிரிப்புக் கேட்டது. குரங்குகள் கிட்டே வந்தன. சண்முகம் குச்சியை ஓங்கி விரட்டினான். வக்கீல் காக்காய்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன, இறங்கவில்லை. மறுபடி கூவினேன். தொண்டை வறண்டது. சோற்றில் எறும்பு ஏற ஆரம்பித்தது.

மீனாட்சி குனிந்து எறும்பைத் தட்டிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. "அப்பா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், வந்து தொலையுங்கள்" என்று மனசுக்குள் கெஞ்சினேன். உயிரோடிருந்தபோது அவரிடம் நான் எதற்கும் இப்படிக் கெஞ்சியதில்லை.

அப்போது குப்பைமேட்டுப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. பறந்து வரவில்லை, நடந்து வந்தது. நாரை ஜாதிதான், ஆனால் என் நெஞ்சளவு உயரம். மொட்டைத் தலையில் நாலு மயிர். நல்ல கூன். கறுத்த சிறகைத் துப்பட்டியாகப் போர்த்திக்கொண்டு, அவசரமில்லாமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. கழுத்தில் கழலை மாதிரி ஒரு பை தொங்கியது. இலைக்கு முன்னால் வந்து நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் குழம்பைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எத்தனை வயல்வரப்பில் பார்த்த பார்வை அது!

மீனாட்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் ஒதுங்கினாள்.

"என்னங்க, மாமா! மாமா வந்துட்டாக!"

பறவை கோழிக்காலை எடுத்து விழுங்கியது. முட்டையை விழுங்கியது. சோற்றை வழித்தது. கடைசியில் சுருட்டைத் தூக்கி, கொஞ்சம் யோசித்து, அதையும் விழுங்கியது.

"அய்யோ, நெருப்புப் பெட்டி வைக்க மறந்துட்டமே" என்று மீனாட்சி வருத்தப்பட்டாள்.

அங்கத்துப் பாஷையில் மாமா என்றால் அம்மா. இந்தியக்காரியின் அம்மா இத்தனை அவலட்சணமா என்று முட்டுவா தன் ஆட்களிடம் பரிதாபப்பட்டதாகச் சண்முகம் பிறகு சொன்னான். அவனுக்கு அந்தப் பாஷை தண்ணீர்ப்பட்ட பாடு. அந்தப் பறவை தினமும் குப்பைமேட்டுக்கு வருவதுதான் என்றும் முட்டுவா சொன்னானாம். அதைக் கேட்டும் மீனாட்சி அசரவில்லை. "எங்கிட்டுக் குப்பை கெடந்தாலும் போயி நின்னு நாட்டாமை பண்றது அவுக பழக்கந்தானே" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பறவைக்காகச் சிரித்தது பாதி. மனைவியும் மகனும் என்னோடு இருக்கப்போகிறார்கள் என்ற நிம்மதி பாதி.

5

(இந்த இடத்தில் மீனாட்சி வந்து எட்டிப் பார்த்து, "குழம்புல உப்புப் பாருங்க" என்று கரண்டியை நீட்டினாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். "மாமாவைக் கேலி பண்ணி எழுதாதீங்க" என்றாள். சரி என்றேன்.)

முன்பக்கத்து விருந்தாளிகள் எங்கள் படையலை எட்ட நின்று பார்த்துவிட்டார்கள். லண்டனிலிருந்து வந்த ஒரு துரையும் துரைசானியும். சிங்கத்துக்காக நாள்கணக்காகக் காத்திருந்து அலுத்துப்போனவர்கள். கேம்ப் துரை உடனே எங்கள் குடிசைக்கு வந்தார். வந்த அன்றைக்கு என்னை ஏறெடுத்துப் பார்க்காத மனிதர்.

"பிரமாதம்! நாளைக்கும் செய். இதே நேரம். அந்தத் துணியையே கட்டிக்கொள். அந்தச் சத்தத்தையும் போடு."

"இது வருஷத்துக்கு ஒரு நாள்தான், சார்."

"விருந்தாளிகள் இருக்கிறவரைக்கும் தினமும் செய்தால் என்ன?"

"என் அப்பா வருஷத்துக்கு ஒரு நாள்தான் செத்தார், சார்."

அவருக்குச் சுருக்கென்றது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தன்னுடைய கல்வாழை இலையைப் பறித்தது யார் என்று விசாரணை ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஓடினேன். பறவை எங்கள் குடிசைக்குப் பின்னால், கவிழ்த்த டின்னுக்குப் பக்கத்தில் கிடந்தது. முந்தின நாள் சாப்பாடு போட்ட இடமாயிற்றே, இன்றைக்கும் போடுவார்கள் என்று குப்பைமேட்டை விட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறது. லண்டன் துரை வராந்தாவில், காலில் செருப்போடு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சுட்டிருக்கிறார். சிங்கத்தைத் தேடி அலையாமல் வேட்டை முடிந்துவிட்டது. இந்தப் பறவையின் வாலுக்கடியில் பஞ்சு மாதிரி வெள்ளை இறகு உண்டாம். சீமையில் துரைசானிகள் தொப்பிக்கு அது மெத்த உசத்தியாம். முட்டுவாவைக் கூப்பிட்டு அதை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மீதி அவர்களுக்கு வேண்டாம்.

பறவை பறவைதான். இது எனக்குத் தெரியும். மீனாட்சிக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கழுத்துத் துவண்டு, அந்த மொட்டைத் தலை மண்ணில் கிடந்ததைப் பார்த்ததும், கேலி எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மீனாட்சி அலறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சொன்னாள்:

"இந்தத் தடவையாச்சும் நீங்க பக்கத்துல இருக்கீங்க. போயி லீவு கேளுங்க."

6

எஞ்சினியர் துரை மேஜையில் ரோட்டுப் படத்தை விரித்து வைத்திருந்தார்.

"சார், அரை நாள் லீவு வேண்டும்."

"காரணம்?"

"என் அப்பாவின் தகனம்."

பென்சிலைக் கீழே வைத்தார். "போன வருஷமே அது..."

"போன வருஷம் கேட்டேன், சார். நீ போய்ச் சேர்வதற்குள் எரித்திருப்பார்கள், உடம்பு இல்லாத இடத்துக்கு லீவு எதற்கு என்றீர்கள். இந்தத் தடவை உடம்பு இங்கேயே கிடக்கிறது, சார்."

கிண்டலாகப் பேசத்தான் நினைத்தேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது. துரை ஜன்னல் வழியாக எங்கள் குடிசைப் பக்கம் பார்த்தார். மீனாட்சி அங்கே முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அழுவதைப் பார்க்காததுபோல மறுபடியும் படத்தின்மேல் குனிந்துகொண்டார்.

"அரை நாள். சம்பளத்தில் பிடித்தம் உண்டு" என்றார். நான் வாசலுக்குப் போனதும், "விறகு வேண்டுமானால் சமையல்கட்டில் நான் சொன்னதாகச் சொல்" என்றார்.

சவர பிளேடால் நானே தலையை மழித்துக்கொண்டேன். பின்மண்டைக்கு மீனாட்சி உதவினாள். மூன்று இடத்தில் ரத்தம் வந்தது. முட்டுவா விறகு அடுக்கினான். அவன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. குடம் கிடையாது. அந்த மண்ணெண்ணெய் டின்னிலேயே தண்ணீர் நிரப்பித் தோளில் வைத்துச் சுற்றினேன். சண்முகம் பின்னாலேயே வந்து, சுற்றுக்கு ஒன்றாக ஆணியால் ஓட்டை போட்டான். கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைக்கவேண்டும். டின் உடையுமா? தடதடவென்று உருண்டு போய்க் கேம்ப் துரையின் பூச்செடியில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. கொள்ளி வைத்தேன். ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், இங்கே நாங்கள் நாலு பேர். "அப்பா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதேன். இறகு எரிகிற நாற்றத்தில் விருந்தாளிகளின் மத்தியானச் சாப்பாடு கெட்டுப்போயிற்று என்று கேம்ப் துரை ஆள்மேல் ஆள் அனுப்பினார். யார் வந்து என்ன சொன்னார்கள் என்று எனக்குக் காதில் விழவில்லை.

அழுது முடித்த பிறகுதான் பழைய பயம் திரும்பி வந்தது. மாமா வந்து சாப்பிட்டது வாஸ்தவம். வந்த இடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றதும் வாஸ்தவம். இப்படிப்பட்ட தேசத்தில் எனக்காக இரு என்று மீனாட்சியை இனி எந்த முகத்தோடு கேட்பது? அன்று முழுக்க அவளிடம் நான் பேச்சே கொடுக்கவில்லை.

மறுநாள் காலை லண்டன் தம்பதி ஊருக்குப் புறப்பட்டார்கள். கார் சமையல்கட்டு வழியாக வந்தது. துரைசானியின் தொப்பியில் அந்த வெள்ளை இறகைச் செருகியிருந்தார்கள், காற்றில் அது அசைந்தது. வழியில் நின்றிருந்த மீனாட்சி அதைப் பார்த்தாள். சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்து ஓரமாக ஒதுங்கி நின்றாள். மாமனார் தெருவில் நடந்து போனால் மருமகள் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். துரைசானிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "எவ்வளவு மரியாதையான ஜனங்கள்!" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, மீனாட்சியைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

புழுதி அடங்கியதும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"கப்பல் எப்பொழுது என்று விசாரிக்கவா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்கிட்டுப் போறது? பாதி மாமா அந்தம்மா தலைல ஏறிப் போறாக. பாதி இங்கன சாம்பலாக் கெடக்காக. அவுகள இந்தக் காட்டுல தனியா விட்டுப்புட்டு, நான் ஊர்ல போயி யாருக்குச் சோறு வைக்கிறது?"

எனக்காக அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கவனித்தேன். இருந்தாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பட்டப்பகலில், சமையல்கட்டு ஆட்கள் பார்க்க. போகாதே போகாதே என்று கடைசிவரை என்னோடு மல்லுக்கு நின்ற மனிதர், என் பெண்டாட்டி பிள்ளையை இந்தத் தேசத்தில் என்னோடு இருத்திவிட்டுப் போனார். நான் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருக்கமாட்டாள்.